டெஸ்ட்-3 எங்கே போச்சு?

போன மே மாசம், செமஸ்டர் லீவு விட்ட ரெண்டாவது நாள், எங்க டிபார்ட்மென்ட் லேப் சர்வர்ல இருந்த ஒரு விஎம்மை அழிச்சேன். ஐடி 117, பேரு டெஸ்ட்-3. சர்வர்ல இடம் இல்லை, ஜூன்ல புது பேட்சுக்கு விஎம் போடணும், "பழசையெல்லாம் எடுத்துடுப்பா" என்று லேப் சார் சொல்லியிருந்தார். லேப் சர்வரைப் பார்த்துக்கிற மாணவர் குழுவில் நானும் ஒருத்தன். டெஸ்ட்-1, டெஸ்ட்-2, டெஸ்ட்-3 மூணுமே பல மாசமா ஆஃப்ல கிடந்தது. மூணையும் எடுத்தேன். "நிச்சயமா அழிக்கணுமா?" என்று கேட்டு விஎம் நம்பரை டைப் பண்ணச் சொல்லும். 117 என்று கவனமா டைப் பண்ணினது இன்னும் ஞாபகம் இருக்கு.

எனக்குப் பயம் இல்லாததுக்குக் காரணம், பேக்கப் ஜாப். அதைப் போட்டதே நான்தான். ஆகஸ்ட் கடைசியிலிருந்து தினமும் ராத்திரி 1 மணிக்கு ஓடி, காலையில் பார்த்தா பச்சை டிக் போட்டிருக்கும். ஒன்பது மாசத்துல ஒரு நாள் கூட சிவப்பு வந்ததில்லை.

ஜூன் ரெண்டாவது வாரம் ஒரு சீனியர் அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, நம்ம அட்டை புராஜெக்ட் விஎம்மைக் கொஞ்சம் ஆன் பண்ணித் தர்றியா? பேரு டெஸ்ட்-3ன்னு இருக்கும்."

அந்த அட்டை புராஜெக்ட் என்னன்னு சொல்லணும். ஆரணிப் பட்டுன்னு வெளியில பேர் வாங்கற சேலையில் ஒரு பங்கு எங்க வெம்பாக்கம் பக்கத்துத் தறிகள்ல நெய்யறது. கரையிலும் முந்தியிலும் வர்ற டிசைன் எல்லாம் ஜக்காடு பெட்டிக்குள்ள ஓடற அட்டையில்தான் இருக்கும். ஒரு அட்டை, ஒரு ஊடை. ஓட்டை இருந்தா கொக்கி மேலே போகும், பாவு இழை தூக்கும். ஓட்டை இல்லைன்னா இழை கீழேயே கிடக்கும். ஒண்ணும் ஜீரோவும்தான். 240 கொக்கி ஜக்காடுன்னா ஒரு அட்டைக்கு 240 பிட். ஒரு கரைக்கு நூத்துக்கணக்கான அட்டைகளை நூல்ல கோர்த்து மாலை மாதிரி தொங்கவிட்டிருப்பாங்க. ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல பிரான்சில் செஞ்ச மெஷின். கம்ப்யூட்டர் வரலாறு படிக்கும்போது முதல் சாப்டர்ல வருமே, அதேதான். நாம பரீட்சைக்குப் படிச்ச பஞ்ச் கார்டு எங்க தெருவுல பரண் மேல கிடந்தது.

இப்ப எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துடுச்சு, டிசைன் பென்டிரைவ்ல வருது. பழைய அட்டைக்கட்டு பல வீட்டில் எலி கடிச்சு, மழையில் நனைஞ்சு வீணாப் போயிட்டு இருந்தது. அதனால அந்த அக்காவும் அவங்க டீமும் ஊர் ஊராப் போய், அட்டைகளை ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து, ஓட்டையைக் கண்டுபிடிச்சு டிசைன் ஃபைலா மாத்தற புரோகிராம் எழுதினாங்க. எங்க பெரிப்பா வீட்டுக்கும் வந்தாங்க. அவரோட மாமனார் காலத்து மயில் கரை, ருத்ராட்சக் கரை எல்லாம் அதுல ஏறுச்சு. ஏறின பிறகு பெரிப்பா என்ன பண்ணினார்? "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்களே" என்று பாதிக் கட்டுகளை எடைக்குப் போட்டுட்டார். வேற சில வீட்டிலும் அப்படித்தான்.

அக்காகிட்ட "பேக்கப் இருக்குக்கா, எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிட்டு ஜாபைத் திறந்தேன். லிஸ்ட்ல 117 இல்லை.

நடந்தது இவ்வளவுதான். 2024 பிப்ரவரியில் பிராட்காம் கம்பெனி விஎம்வேரோட இலவச இஎஸ்எக்ஸ்ஐயை நிறுத்தினதும் பல காலேஜ் லேப் மாதிரி நாங்களும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறினோம். ஆகஸ்ட்ல ஜாப் போடும்போது எந்தெந்த விஎம் என்று கேட்டது. அன்னைக்கு இருந்த பதினோரு விஎம்மையும் டிக் பண்ணினேன். அக்டோபர்ல பழைய மெஷின்ல இருந்த மூணு விஎம்மை இந்த சர்வருக்குக் கொண்டுவந்தோம். டெஸ்ட்-3 அதுல ஒண்ணு. ஜாபைத் திறந்து மறுபடி டிக் பண்ணணும்னு யாருக்கும் தோணலை. ஜாப் தன் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சது: சொன்ன பதினொண்ணையும் எடுத்துச்சு, பச்சை காட்டுச்சு. சொல்லாததைப் பத்தி அது ஏன் பேசப் போகுது?

டிஸ்க்ல இருந்து மீட்கலாமான்னு பார்த்தோம். எல்விஎம்-தின் ஸ்டோரேஜ், அழிச்ச உடனே பிளாக்கைப் பொதுக் கணக்குக்குத் திருப்பிக் கொடுத்துடும். அன்னைக்கு சாயங்காலமே அந்த இடத்துல புது விஎம் போட்டாச்சு. கிட்ல கோட் இருந்தது, 11 எம்பி. நாற்பது ஜிபி போட்டோவும் டேட்டாபேஸும் கிட்ல இல்லை. அக்காவோட லேப்டாப்பை வேலைக்குச் சேர்ந்தப்ப ஃபார்மேட் பண்ணிட்டாங்க. இன்னொரு அண்ணா காலேஜ் மெயிலோட டிரைவ்ல வெச்சிருந்தார். படிப்பு முடிஞ்சதும் மெயில் மூடிடுச்சு, டிரைவும் சேர்ந்து போச்சு.

இந்தக் கதையைச் சொல்லிட்டு, "எல்லாரும் பேக்கப் எடுங்க மக்களே" என்று முடிக்க நான் வரலை. அதை எல்லாரும் சொல்றாங்க. நான் எடுத்தேன். என் சண்டை வேற இடத்துல: நம்ம லேப்ல பேக்கப் ஜாபை நாம போடற முறையே தப்பு. அதை மாத்தணும்.

முதல் விஷயம் அந்த டிக் பாக்ஸ். ப்ராக்ஸ்மாக்ஸில் ஜாப் போடும்போது நாலு வழி இருக்கு: குறிப்பிட்ட விஎம் மட்டும், எல்லாமும், குறிப்பிட்டதைத் தவிர மத்த எல்லாமும், இல்லைன்னா ஒரு பூல். நாங்க எடுத்தது முதல் வழி. நான் விசாரிச்ச மூணு டிபார்ட்மென்ட்லயும் அதுவேதான், ஏன்னா இடம் மிச்சம். என் கருத்து, லேப் சர்வரில் முதல் வழியை யாரும் தொடவே கூடாது. "எல்லாம்", அல்லது "இதைத் தவிர எல்லாம்". ஒரு விஎம் பேக்கப்ல இல்லைன்னா, யாரோ ஒருத்தர் உட்கார்ந்து "இது வேணாம்" என்று முடிவெடுத்திருக்கணும். யாருமே முடிவெடுக்காம ஒண்ணு வெளியே நிக்கக் கூடாது. இத்தனைக்கும் சில விஎம் எந்த ஜாபிலும் இல்லைன்னு பேக்கப் பக்கத்துல மேலேயே ஒரு எச்சரிக்கை காட்டும். பல மாசம் அதைப் பார்த்திருப்பேன். பச்சை டிக்கைப் பார்க்கற கண்ணுக்கு மஞ்சள் பட்டை தெரியலை.

அதே மாதிரி விஎம்முக்குள்ள இருக்கற ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனியா ஒரு "பேக்கப்" டிக் இருக்கு. ரெண்டாவது டிஸ்க் சேர்க்கும்போது யாராவது அதை எடுத்துட்டா, ஓஎஸ் மட்டும் பத்திரமா இருக்கும், டேட்டா இருக்காது. உங்க விஎம்மை இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாருங்க.

இது நம்ம மாதிரி கத்துக்குட்டிகளுக்கு மட்டும் நடக்கறதில்லை. 2017 ஜனவரி 31 ராத்திரி, கிட்லேப் கம்பெனியில் ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சுட்டார். 300 ஜிபி இருந்த இடத்துல, நிறுத்தறதுக்குள்ள 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப்ல இருந்து எடுக்கலாம்னு போனா, அமேசான் எஸ்3 ஃபோல்டர் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கற புரோகிராம் 9.2 பதிப்பு, அதனால ஜாப் தினமும் ஃபெயில் ஆகியிருக்கு. ஃபெயில்னு மெயில் அனுப்பியும் இருக்கு, ஆனா அந்த மெயிலை மெயில் சர்வர் ஸ்பேம் மாதிரி நினைச்சுத் திருப்பி அடிச்சிருக்கு. அஷூர் டிஸ்க் ஸ்நாப்ஷாட்? ஃபைல் சர்வர்களுக்குப் போட்டிருந்தாங்க, டேட்டாபேஸ் சர்வருக்குப் போடலை. அந்த வரியைப் படிச்சப்ப எனக்கு டெஸ்ட்-3 ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தேன். கடைசியில் அவங்களைக் காப்பாத்தினது, ஆறு மணி நேரம் முன்னாடி வேற ஒரு வேலைக்காக ஒருத்தர் கையால எடுத்து வெச்ச ஒரு பிரதி. அதிர்ஷ்டம்தான், வேற என்ன. அவங்களைப் பத்தி நான் மதிக்கற விஷயம், நடந்த எல்லாத்தையும் மறைக்காம வெளியிட்டாங்க. நம்ம ஊர்ல இப்படி ஏதாவது நடந்தா "டெக்னிகல் இஷ்யூ" என்று ஒரு வரி நோட்டீஸ் வரும்.

"ரெய்டு போட்டிருக்கோமே" என்று ஒரு குரூப். "ஸ்நாப்ஷாட் இருக்கே" என்று இன்னொரு குரூப். ரெய்டு ஒரு டிஸ்க் செத்தா தாங்கும். நான் 117 அடிச்சு எண்டர் தட்டினா ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல விசுவாசமா அழிக்கும். ஸ்நாப்ஷாட் அதே விஎம்மோட, அதே ஸ்டோரேஜ்ல இருக்கு. விஎம் போனா கூடவே போகும். ஓஎஸ் அப்டேட் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்து வெச்சுக்க ரொம்ப நல்லது, அதுக்கு மேல அதை நம்பாதீங்க.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லித் தராதது. ஓடிக்கிட்டே இருக்கற விஎம்மை ஸ்நாப்ஷாட் மோட்ல பேக்கப் எடுத்தா, அது திடீர்னு கரண்ட் போன கம்ப்யூட்டரோட நிலைமை மாதிரி. பெரும்பாலும் எழுந்துக்கும். டேட்டாபேஸ் ஓடற விஎம்மா இருந்தா உள்ளே கெமு கெஸ்ட் ஏஜென்ட் போட்டு, விஎம் செட்டிங்கிலும் அதை ஆன் பண்ணிடுங்க. பேக்கப் ஆரம்பிக்கும்போது ஃபைல் சிஸ்டத்தை ஒரு கணம் நிறுத்தி, மெமரியில் இருக்கறதை டிஸ்க்குக்குத் தள்ளிட்டு அப்புறம் எடுக்கும். ரெண்டு நிமிஷ வேலை.

இப்ப பிரதியை எங்கே வைக்கறதுன்ற கேள்வி. எங்க பேக்கப் நாஸ் பெட்டி சர்வருக்கு அடுத்த ரேக்கில், அதே யுபிஎஸ்ல, அதே அட்மின் பாஸ்வேர்டோட இருந்தது. 2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ரான்சம்வேர் புகுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐந்து சர்வர், சுமார் 1.3 டிபி டேட்டா பூட்டப்பட்டதா அரசு நாடாளுமன்றத்துல சொல்லுச்சு. ஓபி சீட்டு, லேப் ரிசல்ட் எல்லாம் நாள் கணக்கா கையால எழுதினாங்க. இ-ஹாஸ்பிட்டல் டேட்டா திரும்பி வந்ததுக்குக் காரணம், தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததுதான். "தொடாத" என்ற வார்த்தையை மட்டும் பிடிச்சுக்குங்க. உள்ளே வந்தவன் முதல்ல தேடறதே பேக்கப்பைத்தான். சர்வரோட பாஸ்வேர்டே பேக்கப்புக்கும்னா அவனுக்கு வேலை மிச்சம்.

தூரமும் அப்படித்தான். 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துல ஓவிஎச் கம்பெனியோட டேட்டா சென்டர் எரிஞ்சுது. பேக்கப்புக்குக் காசு கட்டியிருந்த சில வாடிக்கையாளர்களுக்கும் டேட்டா போச்சு, ஏன்னா பிரதியும் அதே வளாகத்துல இருந்தது. தமிழ்ல படிக்கற நமக்கு இதுக்கு பிரெஞ்சு உதாரணம் தேவையே இல்லைதான். 1981-ல யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரிச்சப்போ 97,000 புத்தகமும் சுவடியும் போச்சு. அதுல வேற எங்கேயும் பிரதி இல்லாததும் இருந்ததுதான் இன்னைக்கு வரைக்கும் ஆறாத புண். பின்னாடி 2005-ல தொடங்கின நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஸ்கேன் பண்ணி இணையத்துல வெச்சுக்கிட்டு இருக்காங்க. அதை நான் ஒரு ஆஃப்சைட் பேக்கப் ஜாபாத்தான் பார்க்கறேன்.

"எல்லா விஎம்மையும் எடுத்தா ஸ்டோரேஜ் எங்கே?" இது லேப் சார் கேட்ட கேள்வி, நியாயமான கேள்விதான். தென் கொரிய அரசும் இதே காரணத்தைத்தான் சொல்லுச்சு. டேஜான் நகரத்துல இருந்த தேசிய தகவல் வள மையத்துல 2025 செப்டம்பர் 26-ம் தேதி லித்தியம் பேட்டரியில் தீ பிடிச்சு, 709 அரசு சிஸ்டம் நின்னுச்சு. மத்ததுக்கெல்லாம் ஏதோ ஒரு பேக்கப் இருந்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் போட்டு வெச்சிருந்த ஜி-டிரைவுக்கு மட்டும் வெளியே பிரதி இல்லை: 858 டிபி. இவ்வளவு பெருசை எப்படி பேக்கப் எடுக்கறதுன்னு விட்டிருக்காங்க. இத்தனைக்கும் ஊழியர்கள் ஃபைலை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வெக்காம அதுல வையுங்கன்னு சொன்னதும் அதே அரசு. பெரிப்பாவை அட்டையை எடைக்குப் போட வெச்ச மாதிரி.

இடம் குறைவுன்னா என் பதில் இது: பதினோரு விஎம்மைத் தினமும் எடுக்கறதை விட, எல்லா விஎம்மையும் வாரம் ஒரு தடவை எடுக்கறது மேல். ஒரு வார வேலை போனா அழுதுட்டு மறுபடி செய்யலாம். இதுல என் நண்பன் கூட எனக்கு ஒத்துக்கலை. "ரிவ்யூ வாரத்துல ஒரு நாள் போனாலும் செத்தேன்டா" என்கிறான். சரி, ரிவ்யூ வாரத்துல மட்டும் தினமும் எடு. மேல ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் இலவசம்தான். ஒரு பழைய பிசியில் போடலாம். விஎம் டிஸ்கை 4 எம்பி துண்டுகளா வெட்டி, ஒரே மாதிரி துண்டை ஒரு தடவைதான் சேமிக்கும். ஒரே உபுண்டுல இருந்து குளோன் பண்ணின இருபது லேப் விஎம்முக்கு இருபது மடங்கு இடம் ஆகாது.

எத்தனை பழைய பிரதி வெக்கறதுன்றதுல நாம செய்யற தப்பு இன்னும் மோசம். "கடைசி 3 மட்டும்" என்று வெச்சிருந்தோம். காலேஜ்ல லீவு ஒரு மாசம். லீவு விட்ட முதல் நாள் ஒரு ஃபைல் கெட்டுப்போனா, நாலாவது நாள் கைவசம் இருக்கற மூணு பிரதியிலும் கெட்ட ஃபைல்தான் இருக்கும். ஜூன்ல வந்து பார்க்கறவனுக்கு எல்லாம் பச்சை. இப்ப தினப்பிரதி 7, வாரப்பிரதி 4, மாதப்பிரதி 6 என்று மாத்தியிருக்கோம். ஒரு செமஸ்டர் பின்னாடி போகலாம்.

இதெல்லாம் செஞ்சும், திருப்பி எடுத்துப் பார்க்காத வரைக்கும் உங்ககிட்ட இருக்கறது ஒரு நம்பிக்கை மட்டும்தான். ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க, அப்பதான் கணக்கு தெரியும். லேப் நெட்வொர்க் 1 ஜிபிபிஎஸ். நிஜத்துல நொடிக்கு 100 எம்பி கிடைச்சா பெரிய விஷயம். 1 டிபி திரும்ப வர மூணு மணி நேரம் ஆகும். அதே 1 டிபி கிளவுட்ல இருந்து 100 எம்பிபிஎஸ் லைன்ல வரணும்னா கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க, வேற யாரும் யூடியூப் பார்க்காம இருந்தா. இன்னொண்ணு, பேக்கப்பை என்கிரிப்ட் பண்ணியிருந்தா சாவி எங்கே இருக்குன்னும் அப்பதான் தெரியும். எங்க சாவி, பேக்கப் எடுக்கற அதே சர்வருக்குள்ள இருந்தது. சர்வர் போயிருந்தா பூட்டின பெட்டியை வெச்சு அழுதிருக்க வேண்டியதுதான். சாவியைக் க்யூஆர் கோடோட பேப்பர்ல பிரிண்ட் எடுக்க அந்த சாப்ட்வேர்லயே வசதி இருக்கு. எடுத்து ஹெச்ஓடி ரூம் பீரோவுல வெச்சிருக்கோம். கடைசியில் மறுபடி அட்டைக்கே வந்துட்டோம் பாருங்க.

இது லேப் அட்மின் வேலை, மாணவனுக்கு எதுக்கு என்று கேக்கறவங்களுக்கு: லேப் அட்மினுக்கு டெஸ்ட்-3 ஒரு நம்பர். அதுக்குள்ள மயில் கரை இருக்குன்னு தெரிஞ்சவங்க ரெண்டு பேர், ரெண்டு பேருமே பாஸ் அவுட் ஆகிப் போயிட்டாங்க. அதனால டிபார்ட்மென்ட்கிட்ட நாங்க வெச்சிருக்கற கோரிக்கை ரெண்டே ரெண்டு. விஎம் பேர்ல புராஜெக்ட் பேரும், நோட்ஸ்ல காலேஜ் மெயில் இல்லாத ஒரு தொடர்பும் இல்லாம யாருக்கும் விஎம் தரக் கூடாது. ஃபைனல் இயர் ரெண்டாவது ரிவ்யூவில், அந்த டீமோட விஎம்மை பேக்கப்ல இருந்து வேற ஐடியில் எழுப்பி, அதுல டெமோ காட்டணும். அஞ்சு மார்க்கு போதும். யுஎம்எல் டயகிராமுக்கு எல்லாம் மார்க்கு தர்றாங்க, இதுக்குத் தந்தா ஒண்ணும் குறைஞ்சுடாது. முதல் கோரிக்கையை ஒத்துக்கிட்டாங்க. ரெண்டாவது "பார்க்கலாம்"ல நிக்குது.

அக்காகிட்ட உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "உங்க பெரிப்பா வீட்ல மிச்சம் ஏதாவது இருக்கான்னு பாரு" என்று மட்டும் சொன்னாங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பரண் மேல ஏறினேன். மயில் கரை இல்லை. எடைக்குப் போனதுல அது ஒண்ணு. ருத்ராட்சக் கரை ஒரு கட்டு இருந்தது, ஓரத்துல எலி கடிச்சது, 384 அட்டை. மூணு நாள் உட்கார்ந்து எல்லாத்தையும் போட்டோ எடுத்தேன். ஒரு பிரதி லேப்ல, ஒண்ணு எங்க வீட்டு ஹார்டு டிஸ்க்ல, ஒண்ணு அக்காகிட்ட. கிளம்பற அன்னைக்கு பெரிப்பா வாசல்ல நின்னு கட்டைக் கையில் பிடிச்சுக்கிட்டு கேட்டார்.

"ஏத்திட்டியாடா? அப்ப இதை எடைக்குப் போட்டுடலாமா?"

"இப்ப வேணாம் பெரிப்பா. திருப்பி எடுத்து, தறியில ஒரு முழம் நெய்து பாத்துடலாம். அப்புறம் சொல்றேன்."